சேவற் சின்னமும் பெட்டைக்கோழிப் பழமொழியும்

"பெட்டைக் கோழி கூவியா பொழுது விடியப் போகிறது?" வீட்டிலே மனைவி ஒரு கருத்துச் சொல்லத் தொடங்கினால் போதும், கணவன் நாவிலே ஆயத்தமாக இருக்கும் பழமொழி இது. சேவல் கூவினாலும் பொழுது விடிவதில்லை, கதிரவன் வந்தால்தான் விடிகிறது என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். அறிந்து என்ன பயன்? பெண்ணின் வாயை அடைக்கப் பயன்படும் வரையில், பழமொழி மெய்யாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லையே!

இந்தப் பழமொழியோடு காலம் ஒருமுறை விளையாடிற்று. 1989 ஜனவரியில் தமிழகச் சட்டமன்றத்துக்குத் தேர்தல். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் இரண்டாகப் பிளந்து கிடந்தது அ.தி.மு.க. உண்மைக் கட்சி எது என்ற வழக்கில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அம்மையாரின் அணிக்குச் சேவல் சின்னம். ஜானகி அம்மையாரின் அணிக்கு இரட்டைப் புறா. பெட்டை கூவலாகாது என்று வீட்டிலே சொல்லிவிட்டு வந்த ஆடவன், வீதியிலே நின்று ஒரு பெண்ணுக்காகச் சேவலைத் தூக்கிப் பிடித்துக் கூவினான். கணவனை இழந்து தனித்து நின்ற அம்மையாருக்கோ, இணைபிரியாத இரட்டைப் புறா! சின்னம் ஒதுக்கிய அதிகாரிகள் இதையெல்லாம் எண்ணியிருக்க மாட்டார்கள். எண்ணாமல் செய்ததாலேயே அது இவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது போலும்.

அந்தப் போட்டியிலே வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது ஊரறிந்த செய்தி. நான் ஆராய விரும்புவது வேறொன்று. அந்தப் போட்டியிலே புழங்கிய தமிழை! மேடைத் தமிழுக்கு மெருகேற்றியது திராவிட இயக்கம் என்று பெருமை பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால், பாராட்டுக்கு உரிமை கொண்டாடுவோர் பழிக்கும் பங்கு கேட்க வேண்டும் அல்லவா? ஒரே கட்சியின் தலைமைக்கு இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்றபோது அந்தத் தமிழ் என்ன பேசிற்று, எப்படிப் பேசிற்று என்று பார்ப்போம்.

1987 டிசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தார். இராஜாஜி மண்டபத்திலே வைக்கப்பட்ட உடலின் தலைமாட்டில், இரண்டு நாளும் மணிக்கணக்காக நின்றார் ஜெயலலிதா. இறுதி ஊர்வலத்துக்கான பீரங்கி வண்டியிலே ஏற முயன்றபோது பிடித்துக் கீழே தள்ளப்பட்டார். நெடுஞ்செழியன் இரு வாரம் இடைக்கால முதல்வராக இருந்தார். 1988 ஜனவரி 7ஆம் நாள் ஜானகி முதல்வரானார். 28ஆம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பு, அவைக்குள்ளே அடிதடி, காவலர் உள்ளே புகுந்து தடியடி. 30ஆம் நாள் ஆட்சி கலைக்கப்பட்டது. தமிழகத்தின் முதல் பெண் முதல்வர் யார் என்று இன்று கேட்டால் பலர் பெயரை மாற்றிச் சொல்வர். முதலாவதாக வந்த பெண்ணுக்குக் கிடைத்தது ஒரு திங்கள் கூட நிறையாத ஆட்சி; நினைவில் அந்த இடமும் இல்லை.

ஏறத்தாழ ஓராண்டு நடந்த இந்தப் பூசலிலே மேடைதோறும் எழுந்த கேள்வி எது? நாட்டை யார் நன்றாக ஆள்வார் என்பதா? சத்துணவுத் திட்டத்தை யார் விரிவாக்குவார், காவிரி நீரை யார் கேட்டுப் பெறுவார் என்பதா? இல்லை. மறைந்த தலைவர்மீது உரிமை யாருக்கு? இதுவே கேள்வி! தாலி கட்டிய மனைவிக்கு என்றது ஓர் அணி. அவர் அருகிருந்து கட்சிப்பணி செய்தவருக்கு என்றது மற்றோர் அணி. பிறப்பால் வரும் உரிமையை மறுப்பதற்கென்றே பிறந்த இயக்கத்தின் கிளையொன்று, ஆட்சியுரிமையைச் சொத்துப் பிரிவினை வழக்காக்கி, வழக்கின் சான்றாவணமாகத் தாலியை எடுத்து நீட்டிற்று. எதிரணி அந்தச் சான்றை மறுத்ததா? தாலிக்கும் தலைமைக்கும் தொடர்பில்லை என்று சொன்னதா? இல்லை, தாலியைவிட எங்கள் சான்று வலியது என்றுதான் வாதாடிற்று.

ஜெயலலிதா 1982இல் கட்சியிலே சேர்ந்தவர். 1983இல் கொள்கை பரப்புச் செயலாளர். 1984இல் மாநிலங்களவை உறுப்பினர். அந்த ஆண்டு தேர்தலின்போது தலைவர் அயல்நாட்டு மருத்துவமனையிலே இருக்க, ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்டவர். ஓர் ஆடவருக்கு இந்தப் பட்டியல் இருந்திருந்தால் அதைத் தகுதி என்போம். பெண்ணுக்கு இருந்தது, ஆகவே, எப்படிக் கிடைத்தது இந்தப் பதவி என்று கண் சிமிட்டினர். பதவி எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி நல்ல கேள்விதான். ஆனால், அதே தலைவரின் பார்வை பட்டதாலேயே சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் ஆன ஆடவர் எத்தனை பேர்! அவர்களைப் பார்த்து எவரும் கண் சிமிட்டவில்லையே.

"நடிகை" என்றார்கள். சொன்னவர்கள் யார்? ஒரு நடிகரை முதல்வராக்கி மூன்று தேர்தல்களில் வெல்ல வைத்தவர்கள்! நடிகர் நாடாளலாம்; நடிகை நாடாளக்கூடாது. கலைத்தொழில் ஆணுக்கு ஒளிவட்டம், பெண்ணுக்குக் கறை. ஜானகி அம்மையாரும் நடிகையே. 1950இல் வெளிவந்த 'மருதநாட்டு இளவரசி'யிலே எம்.ஜி.ஆருக்கு இணையாக நடித்தவர் அவர். எனினும் திருமணம் அந்தக் கறையைக் கழுவிவிட்டதாக அவருடைய அணியினர் கருதினர். எதிரணியினரோ கழுவப்படவில்லை என்று பழைய ஏடுகளைப் புரட்டினர். தோண்டியெடுத்த சொற்களை இங்கே அச்சிட நான் ஆயத்தமாக இல்லை. அச்சிடாவிட்டால் என்ன? கேட்ட தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

அதற்கு நானே சான்று. நான் வாழ்வது நெய்வேலி. 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாள்முதல் பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் வந்து குடியேறிய நகரியம். காலை முறை, மாலை முறை, இரவு முறை என்று சுரங்கத்திலே வேலை மூன்று முறையாக நடக்கும். அரசியல் பேச்சுக்கு அந்த ஓய்வும் இல்லை. தேநீர்க்கடையில் தொடங்கியது பேருந்திலே வளர்ந்து தொழிற்சங்க வாயிற்கூட்டத்திலே முற்றும். 1989 தேர்தலின்போது இங்கே பல வீடுகளுக்குள்ளேயே சேவலும் புறாவும் சண்டையிட்டன. சுரங்கத்திலே பணியாற்றிய நண்பர் ஒருவரின் வீடு அவற்றுள் ஒன்று. அவர் புறா, அவர் துணைவியார் சேவல். "கட்டியவள் இருக்க மற்றவளுக்கு என்ன வேலை" என்பார் இவர். "கட்டியவளுக்குக் கட்சி நடத்தத் தெரியுமா" என்பார் அம்மையார். இருவர் வாதத்திலும் ஓட்டை உண்டு. ஆனாலும் அந்த வீட்டிலே ஒரு பெண் கணவனுக்கு எதிராக வாக்களிக்கத் துணிந்திருந்தார். அதுவே எனக்கு மகிழ்ச்சி.

கடைத்தெருவிலே புறா அணியின் கூட்டம். நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். நானும் அருகே இருந்தேன். பேச்சாளர் அடுக்குமொழியிலே வல்லவர். அரைமணி நேரம் எதுகையும் மோனையும் அருவியெனக் கொட்டின. பிறகு, மணமாகாத பெண் பிணத்தருகே நின்றது எந்த உரிமையில் என்று தொடங்கினார். தொடங்கியது எங்கே சென்று முடிந்தது என்று எழுத மாட்டேன். ஆடவர் பகுதியிலே சிரிப்பு. அந்த அம்மையார் எழுந்தார். குழந்தையை இடுப்பிலே தூக்கிக்கொண்டு கூட்டத்தை ஊடறுத்து நடந்தார். நண்பருக்கு முகம் சிவந்தது. பேச்சாளர் பேசியதற்கல்ல, மனைவி பாதியிலே எழுந்ததற்கு! "நாலு பேருக்கு நடுவே என் மானத்தை வாங்கிவிட்டாயே" என்று வழியெல்லாம் கடிந்தார். மேடையிலே ஒரு பெண்ணின் மானம் வாங்கப்பட்டது அவர் கணக்கிலே சேரவில்லை.

பத்து நாள் கழித்து அதே இடத்திலே சேவல் அணியின் கூட்டம். வேறொரு பேச்சாளர், அதே அடுக்குமொழி. ஜானகி அம்மையாரின் கடந்தகால வாழ்க்கையைத் தூக்கி மேடையிலே போட்டுக் கிழித்தார். இப்போது நண்பர் தலை கவிழ்ந்தார். பெண்கள் பகுதியிலிருந்து சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பிலே நம் அம்மையாரின் குரலும் கலந்திருந்தது.

சில நாள் சென்று, தேநீர் தந்தபோது அவரே சொன்னார்: "அண்ணே, அன்றைக்கு எழுந்து வந்தவளும் நான்தான்; பிறகு உட்கார்ந்து சிரித்தவளும் நான்தான். இரண்டு பேச்சும் ஒரே பேச்சு அண்ணே. பெயர்தான் வேறே."

அவர் தமிழாசிரியை அல்லர். திறனாய்வு நூல் படித்தவரும் அல்லர். ஆனால், அந்த ஆண்டின் மேடைத் தமிழைப் பற்றி அதைவிட நல்ல திறனாய்வை நான் படித்ததில்லை. ஏச்சு ஒன்றுதான், முகவரிதான் வேறு. முகவரியைப் பார்த்தே நமக்குச் சினம் வருகிறது. எதிரணிப் பெண்ணுக்கு என்றால் சுவை. நம் அணிப் பெண்ணுக்கு என்றால் அவதூறு. கட்சிப்பற்று என்பது நெஞ்சிலே ஊன்றிய கொள்கை என்று எண்ணியிருந்தோம். செவியிலே பொருத்திய வடிகட்டியாகவும் அது வேலை செய்கிறது.

இன்னொரு சொல் "பொம்மை". ஜானகி அம்மையாருக்கு எதிரணி சூட்டிய பெயர் அது. பின்னாலிருந்து இயக்குவோர் ஆடவர், இவர் வெறும் பதுமை என்றனர். இதுவும் புதிய சரக்கு அன்று. 1966 ஜனவரியிலே காங்கிரசு நாடாளுமன்றக் கட்சித் தலைமைக்கு நேரடி வாக்கெடுப்பு நடந்தபோது, மொரார்ஜி தேசாயை 355க்கு 169 என்ற கணக்கிலே வென்றார் இந்திரா காந்தி. வென்ற பின்னரும் அவரை "ஊமைப் பொம்மை" என்றார் லோகியா. மூத்தவர்கள் பலரும் தாங்கள் சொன்னபடி இந்தப் பெண் ஆடுவார் என்று நம்பியே வாக்களித்தனர். 1969இல் கட்சி பிளந்தபோதுதான் யார் பொம்மை என்று அவர்களுக்கு விளங்கிற்று. ஆண் ஒருவர் ஆலோசனை கேட்டால் அடக்கம். பெண் கேட்டால் பொம்மை. கேட்காவிட்டாலோ, ஆணவக்காரி!

ஆடவர் இயக்கினர் என்ற குற்றச்சாட்டிலே உண்மை இல்லாமலும் இல்லை. இரு அணியிலும் பேரம் பேசியவர், உறுப்பினரைக் காத்து நின்றவர், அறிக்கை தீட்டியவர் பெரும்பாலும் ஆடவரே. இங்கே எங்கள் சுரங்கத்தை எண்ணிப் பார்க்கிறேன். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்ணைப் பணியிலே நிறுத்தலாகாது என்றது. பாதுகாப்பு என்பது காரணம். 2019இலேதான் அந்தத் தடை தளர்ந்தது. அரசியல் கட்சிகளுக்கு அப்படி எழுதிவைத்த சட்டம் எப்போதும் இருந்ததில்லை. எழுதாமலே நடைமுறையில் இருக்கிறது. கட்சியின் பெரிய முடிவுகள் இரவு முறையிலே எடுக்கப்படுகின்றன. மகளிரணிக்குக் காலை முறை: கோலம், கும்பம், வரவேற்பு வரிசை.

நாற்பதாண்டு பின்னோக்கிச் சென்றால் இந்த நோயின் வேர் தென்படும். 1949 ஜூலை 9ஆம் நாள் பெரியார், மணியம்மையாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். செப்டம்பர் 17ஆம் நாள் தி.மு.க. பிறந்தது. பிரிந்தவர்கள் கூறிய காரணங்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். பொருந்தா மணத்தைக் கண்டித்த இயக்கத்தின் தலைவரே அதைச் செய்யலாமா, இயக்கத்துக்கு வாரிசு ஏற்பாடு எதற்கு என்ற கேள்விகள் கொள்கைக் கேள்விகளே. தாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் பிரிந்தவர்களோடு நின்றார். ஆனால், நடந்தது என்ன? முடிவெடுத்தவர் பெரியார், எதிர்த்தவர்கள் அவர் வளர்த்த தம்பிமார், வாதம் அவர்களுக்கிடையே. ஏச்சு மட்டும் மணியம்மையார் தலையிலே! தலைவர்மீது கொண்ட பாசம் தம்பிகளுக்குக் குறையவில்லை. அவருக்காகத் தலைவர் நாற்காலியைக் காலியாகவே வைத்தனர். இரண்டு ஆடவர் தரப்புகள் ஒன்றையொன்று மன்னிப்பதற்குக் குறுக்கே ஒரு பெண் குற்றவாளியாகத் தேவைப்பட்டார். அந்தக் குற்றவாளி பின்னர் என்ன செய்தார்? 1973 டிசம்பர் 24இல் பெரியார் மறைந்தபின், நெருக்கடி நிலையின் இன்னல்களுக்கிடையே கழகத்தைத் தாங்கி, 1978 மார்ச் 16இல் தாம் மறையும்வரை நடத்தினார். கடவுள் மறுப்பு இயக்கம் ஒன்றுக்கு ஒரு பெண் தலைவியானது உலகிலே எத்தனை இடத்தில் நடந்திருக்கிறது? கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி!

கல்வியும் செல்வமும் மிக்க அமெரிக்காவிலே இப்படி நடக்காது என்பவர் உண்டு. அங்கே குடியரசுத் தலைவர் வேட்பாளரைக் கட்சியின் ஆதரவாளர்களே மாநிலந்தோறும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முறை நல்ல முறை, மனம்? 2008 ஜனவரியிலே, சனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டன் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்துக் கூட்டமொன்றிலே பேசிக்கொண்டிருந்தபோது, இருவர் எழுந்து, என் சட்டைக்குப் பெட்டி போடு என்று கத்தினர். அவர் உருவத்திலே பாக்குவெட்டி போன்ற கொட்டையுடைக்கும் பொம்மை செய்து கடையிலே விற்றனர். எதிரே நின்றவர் ஒபாமா, கறுப்பினத்தவர். அவர் பிறப்பையும் பெயரையும் குறித்து நச்சு கக்கினோரும் இருந்தனர். இனத்தின் பெயரால் ஒடுக்கப்பட்டவரும் பாலின் பெயரால் ஒடுக்கப்பட்டவரும் ஒரே நாற்காலிக்கு நின்றபோது, இரண்டு கொடுமையிலே எது பெரிது என்று அவர்தம் ஆதரவாளர்கள் தமக்குள்ளேயே எடைபோட்டுச் சண்டையிட்டனர். கறுப்பினப் பெண்களின் நிலை என்னவாகியிருக்கும்! எந்தப் பக்கம் நின்றாலும் இன்னொரு பக்கத்துக்குத் துரோகி.

இதை 1972இலேயே பட்டறிந்தவர் ஷெர்லி சிசம். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். அந்த ஆண்டு அதே கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக முயன்றார். கறுப்பின ஆடவத் தலைவர் பலர் கைகொடுக்கவில்லை; மாநாட்டிலே அவருக்குக் கிடைத்தவை 152 வாக்குகள். கறுப்பராக இருந்ததைவிடப் பெண்ணாக இருந்ததாலேயே தாம் மிகுதியும் தடுக்கப்பட்டதாக அவர் சொன்னார். சொன்னவர் இரண்டையும் சுமந்தவர்; எடைபோடும் உரிமை அவருக்கு உண்டு.

நம் ஊருக்குத் திரும்புவோம். அமெரிக்காவிலே இருந்த உட்கட்சி வாக்குப்பெட்டி இங்கே இல்லை. 1988இல் அ.தி.மு.க.வின் அடிமட்டத் தொண்டரைப் பார்த்து, உனக்கு எந்தத் தலைவி வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே, 1989 ஜனவரி 21ஆம் நாள் நடந்த பொதுத்தேர்தலே அந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலாகவும் ஆயிற்று. சேவல் 27 இடங்களில் வென்றது. புறா அணிக்கு ஓரிரு இடங்களே. ஆண்டிப்பட்டியிலே ஜானகி அம்மையாரே தோற்றார். போடிநாயக்கனூரிலே வென்ற ஜெயலலிதா சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். பிளவின் பயனை அறுவடை செய்து 150 இடங்களோடு ஆட்சியிலே அமர்ந்தது தி.மு.க.

தோல்விக்குப் பின் ஜானகி அம்மையார் செய்தது பலர் நினைவிலே இல்லை. அவர் ஒதுங்கிக்கொண்டார். 1989 பிப்ரவரியிலே அணிகள் இணைந்தன. இரட்டை இலை திரும்பி வந்தது. வழக்காடியிருக்கலாம், வாழ்நாளெல்லாம் ஓர் உதிரிக் கட்சியை வைத்துக்கொண்டு தேர்தல்தோறும் விலை பேசியிருக்கலாம். அப்படிச் செய்யும் ஆடவரை நாம் அன்றாடம் காண்கிறோம். இராசதந்திரி என்று பட்டமும் தருகிறோம். பொம்மை எனப் பெயர்பெற்ற பெண், வாக்காளர் தீர்ப்பைப் படித்து, ஏற்று, விலகினார். இழிமொழி பேசிய இரு அணிப் பேச்சாளர்களும் மறுநாளே ஒரே மேடையிலே பொன்னாடை போர்த்திக்கொண்டனர். இரு பெண்கள்மீதும் வீசிய சேற்றை யாரும் திரும்ப எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கிளிண்டன் அம்மையாரும் 2008 ஜூன் 7ஆம் நாள் விலகி, ஒபாமாவுக்கு வாக்களிக்குமாறு தம் ஆதரவாளரை வேண்டினார். அந்த உரையை உலக ஏடுகள் போற்றின. நம் ஊரிலே அதற்குப் பத்தொன்பது ஆண்டுக்கு முன்னே நடந்ததைப் போற்ற ஏடில்லை.

அடுத்து வருவது 1989 மார்ச் 25. அன்று சட்டமன்றத்திலே நிதிநிலை அறிக்கை. முதல்வர் கருணாநிதி படிக்க எழுந்தார், அமளி மூண்டது. முடி கலைந்த நிலையிலே எதிர்க்கட்சித் தலைவி வெளியே வந்தார். சேலையைப் பிடித்து இழுத்தனர், தாக்கினர் என்றார் அவர். அப்படி ஒன்றும் நடக்கவில்லை, நாடகம் என்றது ஆளுங்கட்சி. இன்றுவரை இரு தரப்பும் தத்தம் கதையிலிருந்து இம்மியும் நகரவில்லை. 2023 ஆகஸ்டிலே நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் அதைக் கிளப்பியபோதும், அதே குற்றச்சாட்டு, அதே மறுப்பு. 34 ஆண்டு கழித்தும் அந்த நாள் கட்சிகளின் கையிலே ஆயுதமாகத்தான் இருக்கிறது.

அந்த நாளைப் பற்றி ஒரு செய்தியை மட்டும் எவரும் மேடையிலே சொல்லக் கேட்டதில்லை. தமிழகத்திலே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, குடும்பச் சொத்திலே மகனுக்குள்ள உரிமையை மகளுக்கும் வழங்கியது தி.மு.க. ஆட்சி. எந்த நாள் முதல்? 1989 மார்ச் 25 முதல்! சட்டத்திலே எழுதப்பட்ட நாள் அதுவே. அந்த நாளுக்கு முன் மணமாகிவிட்ட மகளுக்கு அந்தத் திருத்தம் உரிமை தரவில்லை. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு நிறைவேற்றிய தீர்மானம், அறுபதாண்டுக்குப் பின் சட்டமாகத் தொடங்கும் நாள். இந்தியா முழுமைக்கும் அத்தகைய உரிமை 2005இல்தான் வந்தது. அந்தப் பொன்னாளிலே, அதே அவையிலே, ஒரு பெண் உறுப்பினர் கலைந்த கூந்தலோடு வெளியேறினார். இரண்டையும் ஒரே மூச்சிலே சொல்ல எந்தக் கட்சிக்காரருக்கும் நா எழாது. ஒரு தரப்புக்குச் சட்டம் மட்டும் நினைவு. மறு தரப்புக்குச் சேலை மட்டும் நினைவு. தாளிலே பெண்ணுக்கு உரிமை எழுதிய கைகளுக்கும், எதிர்வரிசைப் பெண்ணைக் கண்டதும் கொதித்த மனங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்பதை அளக்க, இந்த ஒரு நாள் போதும்.

அம்மையாரின் ஆதரவாளர்கள் தேர்ந்த உவமையும் கவனிக்கத் தக்கது. பாஞ்சாலி! இதிகாசங்களைத் தோலுரித்துக் காட்டிய இயக்கத்திலிருந்து கிளைத்த கட்சி, ஒரு பெண்ணைத் தாக்கியது தவறு என்று சொல்வதற்கு இதிகாசத்தின் துணையை நாடிற்று. எதிர்க்கட்சித் தலைவர் அவையிலே தாக்கப்பட்டார் என்று சொன்னால் அது மக்களாட்சிக்கு நேர்ந்த கேடு. துகில் உரியப்பட்டது என்றாலோ, அது கற்புக்கு நேர்ந்த கேடு. தீர்வு, பழிவாங்கும் போர். மக்களாட்சியிலே விசாரணை வேண்டும். இதிகாசத்திலே கூந்தல் முடிய வேண்டும். 1991 ஜூன் 24ஆம் நாள் அவர் முதல்வராகப் பதவியேற்றபோது கதை முடிந்தது என்று எண்ணியோர் பலர்.

அதன்பின் நடிகை என்ற சொல் மெல்ல மறைந்தது. "அம்மா" என்ற சொல் எங்கும் நிறைந்தது. இந்த மாற்றத்தை மரியாதை என்று மயங்குவோர் உண்டு. எனக்கு ஐயம். நம் அரசியல் தமிழிலே பெண்ணுக்கு இரண்டே இருக்கைகள்: ஒன்று பரத்தை, மற்றொன்று தாய். முதல் இருக்கையிலே அமர்த்தி ஏசியவர்களே, இரண்டாவது இருக்கைக்கு மாற்றிவிட்டு அதன் காலடியிலே விழுந்தனர். தோழர் என்று, தலைவர் என்று, நிமிர்ந்து நின்று அழைக்கும் இருக்கை ஒன்றை அவர்கள் செய்யவே இல்லை. விழுந்தவரைத் தடுக்காத பொறுப்பு அம்மையாருடையது. அதை மறைக்க நான் வரவில்லை. மகளிர் காவல் நிலையமும் தொட்டில் குழந்தைத் திட்டமும் 1992இல் தந்தவர், உள்ளாட்சியிலே பெண்களுக்குச் சரிபாதி இடம் தரும் சட்டத்தை 2016இல் கொணர்ந்தவர், தம் கட்சியிலே இன்னொரு பெண் தலைதூக்க இடம் விட்டாரா என்று கேட்டால், விடை வருந்தத்தக்கதே.

விட்டிருந்தால் 2017 வேறாக இருந்திருக்கும். அவர் மறைந்த இரண்டு திங்களில், பிப்ரவரி 5ஆம் நாள், சட்டமன்றக் கட்சித் தலைவராகச் சசிகலா தேர்ந்தெடுக்கப்பட்டார். மறுபடியும் பிளவு; மறுபடியும் இரட்டை இலை முடக்கம். சொத்துக் குவிப்பு வழக்கிலே உச்சநீதிமன்றம் 14ஆம் நாள் தீர்ப்பளித்து அவரைச் சிறைக்கு அனுப்பிற்று. அவரை எதிர்க்க அந்த வழக்கு ஒன்றே போதுமானது. மக்களைச் சந்திக்காமல் முதல்வராவதா என்ற கேள்வியும் நேர்மையானது. ஆனால், கைப்பேசி தோறும் பறந்த கேலி எது? "வேலைக்காரி"!

அந்தச் சொல்லைக் கேட்டபோது நெஞ்சு திடுக்கிட்டது. 'வேலைக்காரி' அண்ணாவின் நாடகம். 1949இல் திரைப்படமாகி நாட்டையே உலுக்கியது. பணக்கார வீட்டுப் பணிப்பெண்ணைத் தலைநிமிர வைத்த படைப்பு. அந்தப் படத்திலே நடித்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? வி.என்.ஜானகி! எந்தச் சொல்லை இயக்கம் தூக்கி நிறுத்தியதோ, அந்தச் சொல்லையே இழிசொல்லாக்கி, ஊழல் வழக்கை ஓரம்கட்டிவிட்டு, பாத்திரம் துலக்கியவள் நாடாள்வதா என்று சிரித்தது நாடு. ஊழல் புரிந்தவரைப் பழிக்க உழைப்பவள் பெயரை ஏன் எடுக்க வேண்டும்? அண்ணன் நாடகத்தைப் போற்றும் தம்பிகளும் அந்தச் சிரிப்பிலே சேர்ந்தார்கள்.

அந்த நாள்களில் நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். பணி ஓய்வு பெற்று, நகரியத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வடலூர்ப் பக்கம் குடியேறியிருந்தார். பேரன் கைப்பேசியிலே அந்தக் கேலிப் படத்தைத் தாத்தாவிடம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளிருந்து வந்த அம்மையார் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இதிலே சிரிக்க என்னடா இருக்கிறது? உன் அம்மாவைப் பெற்ற ஆயா நாலு வீட்டிலே வேலை செய்துதான் அவளைப் படிக்க வைத்தாள்."

பையன் தலை நிமிர்த்தி, வியப்போடு கேட்டான்:

"ஆயா, நீங்கள் சசிகலா அணியா?"